கோப்பையின் தயக்கம்

ஆய்வகங்களில் வாழ்நாளைக் கழிப்போரின் மேசைகளில் பரிசாக வந்த கோப்பை ஒன்றேனும் இருக்கும். யாரோ விடைபெறும்போது தந்துவிட்டுப் போனது. ஓராண்டில் பேனா தாங்கியாகிவிடும். என் மேசையில் இருப்பது கறுப்பு நிறக் கோப்பை. வெறுமையாக இருக்கையில் அதில் காண ஒன்றுமில்லை. கொதிக்கும் தேநீரை ஊற்றினால் கறுப்பு அடியிலிருந்து மெல்ல விலகத் தொடங்கும். ஓர் ஏரி, ஏரிக்கரையில் நீரருந்தும் மான், பின்னால் ஊசியிலை மரங்கள், அவற்றுக்கும் பின்னால் பனிமூடிய சிகரம். தேநீர் ஆறினால் காடு மறையும், கறுப்பு திரும்பும். எந்த நாட்டுக் காடு என்று கேட்காதீர்கள். தென்காசிப் பக்கம் வளர்ந்த எனக்கு அது காடாகவே தோன்றவில்லை. நாட்காட்டிப் படமாகத்தான் தோன்றியது.

2024 மே மாதம் எங்கள் ஆய்வகத்தில் திட்டப்பணியை முடித்துக்கொண்டு புறப்பட்ட முதுகலை மாணவி ஒருத்தி அதைத் தந்தாள். ஒடிசாவைச் சேர்ந்தவள். நான்கு மாதங்கள் என் மேற்பார்வையில் வேலை செய்தவள். "தீதி, உங்கள் ஆய்வு இதற்குள் இருக்கிறது" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இந்தப் பதிவு அந்த வாக்கியத்தைப் பற்றியது. அவள் வேடிக்கையாகச் சொன்னாளா வேறு எதையேனும் நினைத்துச் சொன்னாளா என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

வேதியியல் படிக்காத நண்பர்களுக்காகச் சற்று விளக்கவேண்டும். அந்தக் கறுப்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில மைக்ரோமீட்டர் அளவேயான நெகிழி உருண்டை. அதற்குள் மூன்று பொருள்கள்: நிறமாகவும் நிறமற்றும் இருக்கவல்ல சாயம் ஒன்று, அச்சாயத்தைப் பற்றிக்கொண்டு அதற்கு நிறம் தரும் மென்மையான அமிலம் ஒன்று, இவ்விரண்டையும் தாங்கும் மெழுகு போன்ற ஊடகம் ஒன்று. ஊடகம் உறைந்திருக்கும்வரை சாயமும் அமிலமும் கைகோத்திருக்கும், கறுப்பு தெரியும். ஊடகம் உருகியதும் அமிலம் அதனுடன் உறவாடப் போய்விடும். தனித்து விடப்பட்ட சாய மூலக்கூறு தன் திறந்த வளையத்தை மூடிக்கொண்டு நிறமிழக்கும். அடியில் நிலையான மையில் அச்சிடப்பட்ட காடு அப்போது தெரியவரும். ஆக, நிறத்தை மாற்றுவது சாயம் என்றாலும் எப்போது மாறவேண்டும் என்று முடிவு செய்வது அந்த மெழுகுதான். பெரும்பாலும் நீண்ட கரியச் சங்கிலி கொண்ட ஆல்ககால்களையோ அவற்றின் எஸ்டர்களையோ இதற்குப் பயன்படுத்துவார்கள். பதினான்கு கரியணுக்கள் கொண்ட டெட்ராடெக்கனால் ஏறத்தாழ 38 டிகிரியில் உருகும். பதினாறு கொண்டது 49ஐ ஒட்டி உருகும்.

வங்கி இயந்திரம் துப்பும் ரசீதும் இதே குடும்பம்தான். அங்கே சூடு நிறத்தை உண்டாக்குகிறது, இங்கே அழிக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

நுண்ணுறைக்குள் அடைத்த டெட்ராடெக்கனால். ஐந்தாண்டுகளாக என் ஆய்வுப் பொருளும் அதுவே. சாயம் மட்டும் கிடையாது. ஒரு திண்மம் உருகும்போது வெப்பநிலை ஏறாமலே ஏராளமான வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது நினைவிருக்கலாம். மின்கலங்களைச் சுற்றி இத்தகைய பொருளைப் பொதித்துவைத்தால், கலம் சூடேறும்போது பொருள் உருகி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரவில் குளிர்ந்து மீண்டும் உறையும். மறுநாள் காலை அடுத்த சூட்டுக்கு ஆயத்தமாக இருக்கும். தில்லியின் சந்துகளில் ஓடும் மின்ரிக்‌ஷாக்களை மனத்தில் வைத்துத்தான் எங்கள் கட்டுரையின் முன்னுரையை எழுதினோம். இந்தியக் கோடைக்கு உகந்தது என்ற தொடரை அதில் சேர்த்தவள் நானேதான். 2024 மார்ச்சில் அக்கட்டுரை ஓர் ஆய்விதழுக்குச் சென்றது.

அக்கட்டுரையில் ஒன்று இல்லை. மாதிரியைச் சூடேற்றும்போது கிடைத்த வளைகோடுகள் எல்லாம் இருந்தன. குளிர்விக்கும்போது கிடைத்தவை இல்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் என் நெறியாளர், "முதலில் உருகலை முடி, உறைதலைப் பிறகு பார்க்கலாம்" என்றார். நியாயமான வழிகாட்டல்தான். ஆனால் அந்தப் 'பிறகு' வரவேயில்லை. உருகலின் வளைகோடுகள் அழகாக இருந்தன. ஒரே இடத்தில் கூர்மையான முகடு, மாதிரிக்கு மாதிரி மாறாத எண்கள். மாநாட்டில் அதைத்தான் காட்டினோம், கட்டுரையிலும் அதைத்தான் வைத்தோம். உருகும் இடத்திலேயே உறையும் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை. படிப்பவர் அப்படி எண்ணிக்கொள்ளும்படி எழுதியிருந்தோம்.

அவள் வந்த இரண்டாம் மாதத்தில் ஒருநாள் குளிர்வையும் அளந்துவிட்டாள். நான் சொல்லி அளக்கவில்லை. கருவியின் நிரலில் அந்தப் பகுதியை நிறுத்த மறந்திருக்கிறாள். அச்செடுத்த தாளுடன் வந்து, "தீதி, குளிரும்போது முகடு ஆறேழு டிகிரி கீழே நகர்ந்துவிடுகிறது, மூன்று மாதிரிகளிலும்" என்றாள். எனக்கு அன்று வேறு அவசரம். கருவியின் குளிர்விப்பான் சில வாரங்களாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்ததும் உண்மை. "அது கருவியின் கோளாறு. அந்தப் பகுதியை விட்டுவிடு" என்றேன். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பின் சரி என்று போய்விட்டாள்.

அவ்வாண்டு ஜூன் மாதம் தில்லி எப்படி இருந்தது என்பதை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. என் விடுதி அறை மேல்தளத்தில். மேலே வெறும் கான்கிரீட் கூரை. மாலை நான்கு மணிக்கு அறைக்குள் 42 டிகிரி இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டையே எடுத்து முகத்தில் வீசும். அப்படியொரு பிற்பகலில் அறைக்குள் நுழைந்தபோது அலமாரியில் காடு தெரிந்தது. கோப்பையில் தேநீர் இல்லை, தண்ணீர்கூட இல்லை. காற்றின் சூட்டிலேயே கறுப்பு முற்றிலும் கலைந்து, மான் வெற்றுக் கோப்பையின் மீது நின்று நீரருந்திக்கொண்டிருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். 'இலவச வெப்பமானி' என்று ஒருவர் பதில் எழுதினார்.

மே மாதமே அந்தக் கோப்பையில் வெந்நீர் ஊற்றி, சுவரில் வெப்பமின்னிரட்டையை ஒட்டி அளந்து பார்த்திருந்தேன். தொழில் புத்தி, வேறென்ன. 38 டிகிரியை ஒட்டிக் காடு தெரியத் தொடங்கியது. ஆகவே 38க்கு மேல் காடு, கீழே கறுப்பு என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் நடுவில் தில்லியின் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையே 35 டிகிரியைத் தொட்டது. உறங்கமுடியாமல் ஒருநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டேன். அலமாரியில் காடு அப்படியே இருந்தது. அறை வெப்பமானி 36க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. கறுத்திருக்கவேண்டிய கோப்பை கறுக்கவில்லை. எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இல்லை. வெப்பமின்னிரட்டையை ஒட்டினேன், அதே எண். ஒரு வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகப் பனிக்கட்டி போட்டு ஆறவைத்து, அதில் கோப்பையை அமிழ்த்தி அமிழ்த்திப் பார்த்தேன். 35, 34, 33. மான் அசையவில்லை. 32க்கு அருகில் வந்த பிறகுதான் சிகரத்தின் மீது புகை படிவதுபோல் கறுப்பு இறங்கத் தொடங்கியது.

போகும் வழி 38, திரும்பும் வழி 32. இடைப்பட்ட ஆறு டிகிரியில் அந்தக் கோப்பை எந்நிலையில் இருக்கும் என்பதை வெப்பநிலையை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் அறியவேண்டும். இப்படிப்பட்ட நடத்தைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் என்னும் இயற்பியலாளர், பின்தங்குதல் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கினார். நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் காந்தவியலில் அதற்குத் தயக்கம் என்று பெயர். காந்தத் தயக்கம், தயக்கக் கண்ணி. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் கலைச்சொல். எவ்வளவு சரியான சொல் என்பது அந்த விடியற்காலையில்தான் உறைத்தது.

ஏன் தயங்குகிறது என்பதற்கும் காரணம் உண்டு. உருகுவதற்கு ஒரு திண்மத்துக்கு எந்தத் தூண்டலும் தேவையில்லை; உருகுநிலை வந்தால் உருகிவிடும். உறைவதற்கோ ஒரு தொடக்கம் வேண்டும். எங்கேனும் ஒரு தூசியிலோ சுவரின் கீறலிலோ முதல் சிறு படிகம் பிறந்தால்தான் மற்றவை அதைப் பற்றிக்கொண்டு வளரும். பாத்திரம் நிறைய மெழுகு இருந்தால் அதில் ஒரு தூசி போதும், மொத்தமும் உறைந்துவிடும். அதே மெழுகைக் கோடி உறைகளுக்குள் பிரித்து அடைத்துவிட்டால் ஒவ்வொரு துளியும் தன் தொடக்கத்தைத் தானே தேடிக்கொள்ளவேண்டும். பெரும்பாலான துளிகளுக்குள் தூசியே இராது. ஆகவே உருகுநிலைக்குக் கீழேயும் நீர்மமாகவே காத்திருக்கும். மீக்குளிர்வு என்று இதற்குப் பெயர். துளி சிறுக்கச் சிறுக்க இந்தக் காத்திருப்பு மிகும் என்பது எங்கள் துறையில் புதுமுகங்களும் அறிந்த செய்தி. நானும் அறிந்திருந்தேன். என் ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வில் இரண்டு பத்திகள் அதைப் பற்றியே எழுதியிருந்தேன்.

சிலர் இந்தத் தயக்கத்தைக் குறையாகக் கருதாமல் பண்டமாகவே விற்றிருக்கிறார்கள். ஜப்பானின் பைலட் நிறுவனத்தின் அழிக்கத்தக்க பேனாவில் உள்ள மை ஏறத்தாழ 60 டிகிரியில் நிறமிழக்கும். எழுத்தின் மீது தேய்க்கும் உராய்வுச் சூடே அதற்குப் போதும். மீண்டும் நிறம் வரச் சுழிக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரிக்குப் போகவேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் குறிப்பேட்டை வைத்தவர்கள் வெற்றுத் தாள்களைக் கண்டு திகைத்ததும், உறைபெட்டிக்குள் வைத்து எழுத்துகளை மீட்டதும் அதனால்தான். இன்னும் பழைய கதையும் ஒன்று உண்டு. 1737இல் ழான் எல்லோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கோபால்ட் உப்புகளால் ஆன மறைமை பற்றி எழுதினார். அதன்பின் ஐரோப்பாவில் கணப்படுப்பின் முன்வைக்கும் திரைகளில் இலையுதிர்ந்த பனிக்கால நிலக்காட்சியை வரைந்து, இலைகளை மட்டும் அந்த மையால் தீட்டுவது ஒரு பொழுதுபோக்காயிற்று. அடுப்பு மூட்டினால் மரங்கள் தளிர்க்கும். ஆக, என் கோப்பையின் காட்டுக்கு முன்னூறு ஆண்டு வமிசம். அங்கும் திரும்பும் வழி வேறுதான்: சூடேறும்போது உப்பிலிருந்து நீர் வெளியேறி நிறம் வருகிறது. குளிர்ந்தால் மட்டும் போதாது, காற்றிலிருந்து ஈரத்தை வாங்கியாகவேண்டும்.

இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்தது பின்னர். அன்று காலை நினைத்தது ஒன்றே ஒன்று. ஆறேழு டிகிரி, மூன்று மாதிரிகளிலும்.

குளித்துவிட்டு நேரே ஆய்வகத்துக்குப் போனேன். குளிர்விப்பானைப் பிப்ரவரி இறுதியிலேயே சரிசெய்திருந்தார்கள். பழைய மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றையும் சூடேற்றிக் குளிர்வித்தேன். கோப்பையின் அடிவிளிம்பில் பூச்சைச் சுரண்டி, நான்கு மில்லிகிராம் அளவில் அதையும் கருவிக்குள் வைத்தேன். சாயமும் பிசினும் கலந்திருந்ததால் அதன் முகடு சிறியது. இருந்தாலும் அது இருந்த இடம் எங்கள் மாதிரியின் முகட்டுக்கு மிக அருகில். உருகுதல் 38ஐ ஒட்டி, உறைதல் 32ஐ ஒட்டி. சந்தையில் வாங்கிய விளையாட்டுப் பொருளும் ஐந்தாண்டு ஆய்வின் விளைவும் ஒரே இடத்தில் தயங்கின. பிறகு அவளுடைய குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். பிப்ரவரி மாதப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டி, தேதியும் மாதிரி எண்களும் எழுதியிருந்தாள். அதன் கீழே 'கருவிக் கோளாறு' என்று என் கையெழுத்து. கேள்விக்குறிகூட இல்லை.

இதன் பொருளை மின்ரிக்‌ஷாவின் மொழியில் சொல்லிவிடுகிறேன். பகலில் உருகிய பொருள் இரவில் உறைந்தால்தான் மறுநாள் பயன்படும். இரவு 35 டிகிரிக்குக் கீழே போகாத நாளில் எங்கள் பொருள் உறையாது. மறுநாள் காலை அது ஏற்கெனவே உருகிய நிலையில் இருக்கும். விழுங்குவதற்கு அதனிடம் இடம் இராது. மின்கலத்தைச் சுற்றி வெறும் எண்ணெய்ப் பொதி. இந்தியக் கோடைக்கு உகந்தது என்று நான் எழுதிய பொருள், இந்தியக் கோடையின் மிகக் கொடிய வாரத்தில்தான் கைவிடும்.

ஜூலை முதல் வாரம் ஆய்விதழிலிருந்து மதிப்புரைகள் வந்தன. இருவரும் சிறு திருத்தங்களே கேட்டிருந்தார்கள். ஒருவரும் குளிர்வைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் திருத்தி அனுப்பினால் கட்டுரை வெளிவந்துவிடும். உதவித்தொகை முடிய ஆறு மாதம் இருந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க அந்தக் கட்டுரை தேவை. இந்தக் கணக்கை நான் போடவில்லை என்று இங்கே எழுதினால் அதுதான் இந்தப் பதிவின் முதல் பொய்யாக இருக்கும். நான்கு நாள்கள் போட்டுப் பார்த்தேன். கேட்காததை ஏன் சொல்லவேண்டும், அடுத்த கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம், எல்லோரும் இப்படித்தான் பிரித்து எழுதுகிறார்கள். நம் வளாகங்களில் இந்தச் சமாதானங்களைப் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய தேவையே இல்லை, ஆயத்தமாகக் கிடைக்கின்றன.

ஐந்தாம் நாள் இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டு நெறியாளரிடம் எடுத்துச் சென்றேன். கோப்பையையும் கொண்டுபோனேன், எதற்கென்று தெரியவில்லை, கையில் வெறும் தாளுடன் போகத் துணிவில்லை போலும். அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "இதை நீ ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும்" என்றார். சொல்லியிருக்கவேண்டும்தான். பிறகு பார்க்கலாம் என்றவர் அவர் என்பதை நான் நினைவூட்டவில்லை. அவருக்கும் அது நினைவுக்கு வந்திருக்கவேண்டும், ஏனெனில் அடுத்து வெகுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், "யார் முதலில் பார்த்தது?" என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னேன். குறிப்பேட்டுப் பக்கத்தையும் காட்டினேன், என் கையெழுத்துடன். "இரண்டையும் போட்டு அனுப்பு. அவள் பெயரையும் சேர்" என்றார்.

அனுப்பினோம். செப்டம்பரில் கட்டுரை நிராகரிக்கப்பட்டது. இவ்வளவு மீக்குளிர்வு உள்ள பொருளுக்கு முன்னுரையில் சொல்லும் பயன் பொருந்தாது என்று மதிப்பாளர் எழுதியிருந்தார். சரியான கருத்து. அதன்பின் உயர்ந்த உருகுநிலை கொண்ட மெழுகை ஓரிரு விழுக்காடு கலந்து, துளிகளுக்குள் படிகம் பிறக்க ஒரு பிடிமானம் கொடுத்துப் பார்த்தோம். துறையில் பலரும் செய்வதுதான். இடைவெளி ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. அந்த மூன்றையும் மறைக்காமல் எழுதி, 2025இல் வேறோர் இதழில் கட்டுரை வந்தது. இந்தியக் கோடை என்ற தொடர் அதில் இல்லை. இடையில் ஏழு மாதங்கள் உதவித்தொகை இல்லாமல் கழிந்தன. மாலைகளில் பள்ளி மாணவர் இருவருக்கு வேதியியல் கற்பித்தேன். ஊருக்குப் பணம் அனுப்பமுடியாததற்கு அம்மாவிடம் சொன்ன காரணங்களை இங்கே எழுதவில்லை.

அவளிடம் பேசியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ஜூலையிலேயே தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொல்லி, நீ கண்டது சரி, நான்தான் தவறு செய்தேன் என்றேன். சற்று மௌனத்துக்குப் பின், "நான் உங்களிடம் மறுபடி கேட்டிருக்கவேண்டும் தீதி" என்றாள். இந்தப் பதில் என்னை உறங்கவிடாமல் செய்தது. நான்கே மாதத்தில் அவளுக்கு நான் எதைக் கற்பித்து அனுப்பியிருக்கிறேன் என்பது அந்த வாக்கியத்தில் இருந்தது. நீ கேட்டாய், விடை சொல்லாதவள் நான் என்று மட்டும் சொன்னேன். கோப்பையைக் கொடுக்கும்போது சொன்னதன் பொருள் என்ன என்று கேட்க எண்ணியிருந்தேன், கேட்கவில்லை.

இப்போது அவள் வேறொரு நகரில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். சென்ற வாரம் அழைத்தபோது கோப்பை இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டாள். செய்கிறது, ஆனால் முன்போல் இல்லை. சன்னல் வெயில் பட்டுப் பட்டுச் சாயம் வெளிறிவிட்டது. கறுப்பாக இருக்கவேண்டிய நேரத்திலும் மலைச்சிகரம் மங்கலாகத் தெரிகிறது. அடிவிளிம்பில் நான் சுரண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. தில்லிக் குளிரில் தேநீர் விரைவாக ஆறிவிடுவதால் காடு பத்து நிமிடங்கூட நிற்பதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தன் புதிய ஆய்வகத்தில் இதே வகைப் பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றும், ஒப்பிட்டுப் பார்க்க நம் பழைய தரவு வேண்டும் என்றும் கேட்டாள்.

"எந்தக் கோப்பு வேண்டும்?" என்றேன்.

"இரண்டும், தீதி."

அன்றிரவே அனுப்பினேன்.